மின்சாரம் நின்றதை எழுதச் சொன்னவர்

செய்தி வந்தபோது நான் ஆத்தூரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முகாமில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மதியம் வெளியே வந்து திரும்ப வாங்கியபோது பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. பெரும்பாலும் எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் முருகேசனுடையவை. கூப்பிட்டேன்.

"சார், கோகிலவாணி மேடம் காலையில தவறிட்டாங்க. உங்களுக்குத்தான் முதல்ல போட்டேன். நீங்க எடுக்கல."

காலை முழுவதும் அவர் இல்லாத உலகில், அது தெரியாமல், யாரோ எழுதிய விடைகளுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அது ஏனோ உறுத்தியது. முகாம் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் சேலத்துக்குப் பேருந்து ஏறினேன். வாழப்பாடியில் பேருந்து நின்றது. அது என் ஊர். இறங்கி வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு போகலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். இறங்கவில்லை. சேலத்தில் வண்டி மாறி நாமக்கல்லுக்கு முன்னால் இருக்கும் அவர்கள் கோழிப்பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவருடைய கணவர் கதிர்வேல் வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து பொழுதோட உங்களப் பத்தித்தானுங்க பேசிட்டிருந்தா. சார் முகாமுக்குப் போயிருக்காரு, மத்தியானம் சாப்பிட்டாரோ என்னமோன்னா."

வேதியியல் துறையின் கோகிலவாணியை உங்களில் பலர் அறிவீர்கள். அவரிடம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். அவரிடம் திட்டு வாங்கியவர்கள் அதைவிட அதிகம். நான் இயற்பியல் துறைக்காரன், அவரைவிட மூன்று வயது மூத்தவன். பதினாறு ஆண்டுகள் இருவரும் ஒரே ஆய்வில் வேலை செய்தோம். அதில் ஒரு சம்பவத்தைப் பற்றி மட்டும் நான் இதுவரை வெளியே பேசியதில்லை. அவர் இருக்கும்போதே பேசியிருக்க வேண்டும். இப்போதாவது பேசுகிறேன்.

அவர் முதன்முதலில் என் அறைக்கு வந்தது ஒரு பீக்கரோடு. அதன் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. பழைய லாரி ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துப் பீக்கரின் பக்கவாட்டில் ஒட்டவைத்தார். அடியில் கிடந்த பொடி முழுவதும் சுவரேறி அந்தப் பக்கமாகப் போய் அப்பிக்கொண்டது. மேலே நின்ற தெளிந்த நீரை என் ஜன்னல் வழியே கீழே ஊற்றினார்.

"நிக்கலுங்க சார். உப்புக் கரைசல்ல இருந்து நானே இறக்குனது. உங்ககிட்ட காந்தம் அளக்கற மெஷின் இருக்குதாமா?"

அந்தக் கருவி பழையது; முதுகலை மாணவர்களின் செய்முறைக்காக வாங்கியது. அளந்து கொடுத்தேன். மறுவாரம் இன்னொரு பொடியோடு வந்தார். அதே நிக்கல், அதே எடை. காந்த அளவு மட்டும் வேறாக வந்தது. என் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, முதல் பொடி உருண்டை உருண்டையானது, இரண்டாவது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாக வளர்ந்தது என்றார். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள். உருண்டை காந்தத்தை எடுத்தவுடன் மறந்துவிடுகிறது. நீளமானது பிடிவாதமாக வைத்துக்கொள்கிறது.

"உலோகம் ஒண்ணுதானுங்களே. வளரவுட்ட விதத்துலதான் வித்தியாசம்" என்றார். அன்று தொடங்கியதுதான் எங்கள் வேலை. நிக்கலையும் கோபால்ட்டையும் கரைசலிலிருந்து இறக்கும்போதே, அவை எந்த வடிவத்தில் வளர வேண்டும் என்று நாம் தீர்மானிக்க முடியுமா என்பது கேள்வி. அச்சில் வார்க்க முடியாது, செதுக்கவும் முடியாது. எதை எவ்வளவு சேர்க்கிறோம், எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் அவற்றிடம் பேச வேண்டும்.

வடிவத்தைக் கண்ணால் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எங்கள் கல்லூரியில் இல்லை. கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்ப்போம். முதல் தடவை போனபோது அங்கே கருவியை இயக்குபவர், பொடியின் பெயரைக் கேட்டதுமே கையை ஆட்டிவிட்டார். காந்தப் பொடி என்றால் உள்ளே இருக்கும் லென்ஸ் அதை இழுத்துக்கொள்ளும், கருவியே போய்விடும் என்றார். அவர் பயம் நியாயமானது. நான் கிளம்பத் தயாராகிவிட்டேன். கோகிலவாணி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒட்டும் பட்டையில் துளியளவு பொடியைத் தடவி, ஊதி, தட்டி, மறுபடி ஊதினார். பிறகு தன் லாரிக் காந்தத்தை அதன் மேல் முகத்துக்கு முகம் வைத்து எடுத்து, காந்தத்தை ஒரு வெள்ளைத் தாளில் தேய்த்துக் காட்டினார். தாள் சுத்தமாக இருந்தது.

"ஒரு புள்ளி விழுந்தாலும் நாங்க இப்படியே பஸ் ஏறிடறோமுங்க" என்றார்.

கருவியை இயக்குபவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே விட்டார். அதன்பின் அந்த ஆய்வகத்துக்கு யார் காந்தப் பொடி கொண்டுபோனாலும், அந்தத் தாள் சோதனையைச் செய்து காட்டச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன்.

இதைக் கேட்டு அவரைப் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். பொறுமை வேலையோடு மட்டும்தான். மனிதர்களோடு கிடையாது. துறைக் கூட்டத்தில் யாராவது இழுத்துப் பேசினால் எழுந்து போய்விடுவார். ஸ்கூட்டரை அவர் ஓட்டும் வேகத்தைப் பார்த்து, பின்னால் உட்கார்ந்து போக எனக்குத் துணிவு வந்ததே இல்லை. திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆந்திரம் ஒடிசா என்று ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ஆட்களுக்கு நடுவில் வளர்ந்தவர். அந்தக் குரலை அவர் குறைத்துக்கொண்டதே இல்லை. என் பேச்சில் "இருக்குது" என்பது "கீது" என்று வந்துவிட்டால் அன்று முழுவதும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன்.

துகள்களில் முள் முளைக்கவைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. நெருஞ்சிப் பழம் போல, ஆனால் நீளமாக. அப்படி வளர்ந்தால் காந்தம் இன்னும் அழுத்தமாக நிற்கும். ரேடியோ அலைகளை உறிஞ்சும் பூச்சுகளுக்கும் உதவும். அதற்காகக் கரைசலில் சிட்ரேட் என்ற உப்பின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு வாரம் அவர் உறவினர் கல்யாணத்துக்காக விடுப்பில் போனார். புதிய அளவு ஒன்றை எழுதிக் கொடுத்து, மூன்று தடவை செய்து வைக்கும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். செய்தேன். மூன்று பொடிகளும் கோயம்புத்தூர் போயின. திரையில் படம் வந்தபோது இருவரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டோம். கம்பி கம்பியாக, ஒவ்வொரு கம்பியிலும் சுற்றிலும் முள்.

"மூணு தடவையும் ஒரே மாதிரிதானுங்களே செஞ்சீங்க?"

"ஆமா மேடம்."

உண்மைதான். மூன்று தடவையும் ஒரே மாதிரிதான் செய்திருந்தேன்.

கட்டுரை எழுதினோம். சிட்ரேட்டின் அந்த அளவுதான் முள் முளைக்கக் காரணம் என்று சொன்னோம். நல்ல இதழில் வந்தது. கல்லூரி வாசலில் எங்கள் இருவர் படத்தோடும் பேனர் வைத்தார்கள். எனக்கு இணைப் பேராசிரியர் பதவி உயர்வு நேர்காணல் வரவிருந்தது; அந்தக் கட்டுரை அதில் பெரிய பலம்.

ஏழெட்டு மாதம் கழித்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ரீனா என்ற ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் எழுதினார். எங்கள் முறையை அப்படியே செய்தும் உருண்டைதான் வருகிறது, எங்கே தவறு என்று கேட்டிருந்தார். கோகிலவாணி உடனே நாங்களும் செய்து பார்க்கலாம் என்றார். செய்தோம். உருண்டை. மறுபடி செய்தோம். உருண்டை. ரசாயனப் புட்டியை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், புதிய பீக்கர் வாங்கினோம். இரண்டு மாதம் உருண்டையாகவே வந்தது.

ஒரு நாள் மதியம் இருவரும் ஆய்வகத்தில் இருக்கும்போது மின்சாரம் போனது. கரைசலைச் சூடாக்கிக்கொண்டே கலக்கும் கருவி, ஸ்டிரர் என்போம், அதன் மெல்லிய இரைச்சல் நின்றது. என்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மூலையில் இருந்த கேஸ் அடுப்பை நோக்கி இரண்டு அடி வைத்தேன்.

"எங்கீங்க போறீங்க? ஜெனரேட்டர் இப்ப வந்துருமுங்க" என்றார்.

நான் அப்படியே நின்றேன். எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரம் எங்கள் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றினார்கள். தினமும் மதியம் மின்சாரம் நின்றது. அப்போது ஜெனரேட்டர் கிடையாது. மூன்று நாளும், நிக்கலைக் கரைசலிலிருந்து இறக்கும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரசின் திரவத்தை ஊற்றிச் சில நிமிடங்களில் ஸ்டிரர் நின்றது. சூடு ஆறிவிடக் கூடாதே என்று பீக்கரைத் தூக்கிக் கேஸ் அடுப்பில் கொதித்த வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தேன். கலக்குவதற்காகப் பீக்கருக்குள் போட்டிருந்த சின்னக் காந்தக் குச்சி அசையாமல் அடியிலேயே கிடந்தது. நிக்கல் துகள்கள் அந்த அசையாத காந்தத்தின் வழியில் வரிசையாக நின்று, யாரும் கலைக்காத அமைதியில் முள்விட்டு வளர்ந்திருக்கின்றன. சிட்ரேட்டுக்கும் முள்ளுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. குறிப்பேட்டிலோ நான் திட்டத்தில் இருந்தபடியே எழுதியிருந்தேன்: எண்பது டிகிரி, ஒரு மணி நேரம், தொடர்ந்து கலக்கியது. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. மின்சாரம் நின்றதெல்லாம் எழுதும் விஷயமா என்ற நினைப்பு.

அதை அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நேர்காணலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அறிவியல் எங்கே ஓடிவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அவரோடு சேர்ந்து, உருண்டைதான் வரும் என்று தெரிந்துகொண்டே உருண்டை செய்தேன்.

ஒன்பதாம் நாள் ரீனாவின் அடுத்த கடிதம் வந்தது. கோகிலவாணி அதைக் கணினித் திரையில் பார்த்துத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "ஆராய்ச்சித் தலைப்பையே மாத்திக்கச் சொல்றாராம் அவங்க புரொஃபசர். எல்லாருக்கும் வர்றது எனக்கு வரல, என் கைதான் சரியில்லன்னு நெனைக்கறேன், தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிச்சுக்கங்கன்னு எழுதியிருக்குதுங்க." கண்ணாடியைக் கழற்றினார். "பாவம் அந்தப் புள்ளை. நமக்கே வர மாட்டேங்குதுன்னு எழுதிரலாமுங்களா?"

"மேடம், அவ கையில தப்பு இல்ல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒன்பது நாளையும் சேர்த்து.

அவர் கேட்ட முதல் கேள்வி கட்டுரையைப் பற்றியது அல்ல.

"ஹைட்ரசினப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அடுப்பப் பத்த வெச்சீங்களா? மூணு நாளும்?"

"ஆமா."

"மூஞ்சி போயிருக்குமுங்க சார். உங்க ஊட்டுல நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காருங்க. எங்கிட்டச் சொன்னத அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க. இப்பவே." எழுதினேன். அவர் பின்னால் நின்று படித்தார். "ஒன்பது நாளாத் தெரியும்" என்ற வரியை நான் விட்டிருந்தேன். "அதையும்" என்றார். சேர்த்தேன். அனுப்பினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பின் ஒரு மாதம் அவர் என்னோடு வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. டீ கொண்டுவரும் முருகேசனிடம், "சாருக்குக் குடுங்க" என்பார். என் பக்கம் திரும்ப மாட்டார். அந்த ஒரு மாதம் அவர் என்னை மன்னித்துவிட்டதாக நடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் நடிக்கவில்லை.

ஆனால் வேலை நடந்தது. மறுநாளே வேண்டுமென்றே ஸ்டிரரை நிறுத்திச் செய்தோம். இந்தத் தடவை அடுப்பு இல்லை. சூடு அப்படியே இருக்க, சுழற்சியை மட்டும் நிறுத்தினோம். முள் வந்தது. ஹைட்ரசின் ஊற்றி ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் ஒரு வடிவம், மூன்று நிமிடத்தில் நிறுத்தினால் இன்னொன்று, ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் முள் இல்லாத வெறும் மணிமாலை. எங்கள் முதல் கட்டுரை சொன்னதைவிட இது நல்ல கண்டுபிடிப்பு. அதை வைத்துப் பழையதை மெல்லத் திருத்திக்கொள்ளலாம், திரும்பப் பெற வேண்டியதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். "புதுசு புதுசா இருக்கட்டுமுங்க. பழசு தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டுத்தான் அடுத்தது" என்றார்.

இதழுக்கு அனுப்பும் கடிதத்தை அவரே எழுதினார். "சோதனையின் நடுவே மின்சாரம் நின்றது, கலக்கும் கருவியும் நின்றது. நாங்கள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எங்கள் முடிவு தவறு. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம்" என்பதுதான் அதன் சாரம்.

"நாங்கள் வேண்டாம் மேடம். நான்னு போடுங்க" என்றேன்.

"அந்த நோட்டுல எங் கையெழுத்தும் இருக்குதுங்க. அந்த வாரம் கரண்டு இருந்துச்சான்னு நான் கேக்கலியே."

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். பேனர் வைத்தாயிற்று, ஆண்டறிக்கையில் போட்டாயிற்று, இப்போது திரும்பப் பெற்றால் கல்லூரியின் பெயர் என்ன ஆகும் என்று கோபப்பட்டார். யாருடைய கவனக்குறைவு என்றும் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி, "எங்க ரெண்டு பேரோடதுங்க. பேனரக் கழட்டச் சொல்லிடறமுங்க" என்றார். வெளியே வந்ததும் முருகேசனை ஏணி கொண்டுவரச் சொல்லி, அன்றே கழற்றவைத்தார். இதற்கெல்லாம் முன்பே வந்த நேர்காணலில் நானே அந்தக் கட்டுரையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்தது.

ரீனா தலைப்பை மாற்றவில்லை. ஸ்டிரரை நிறுத்திப் பார்த்துவிட்டுத் தனக்கும் முள் வந்த படத்தை அனுப்பினார். கோகிலவாணி தொலைபேசியில் அவரோடு அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. புதிய கட்டுரை மூன்று பெயர்களோடு வந்தது. ரீனாவின் பெயரை முதலில் போட்டது கோகிலவாணியின் முடிவு. "மொதல்ல கேள்வி கேட்டது அவதானுங்க" என்றார். ரீனா இப்போது ஆசிரியராக இருக்கிறார். சாவுச் செய்தியை நான்தான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மேடம் என்னை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை" என்று மட்டும் சொன்னார்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போகத் தொடங்கிய பிறகு அவர் கல்லூரிக்கு வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். கடைசியாகப் போனது அவர் தவறுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. குடிக்கும் தண்ணீருக்கு அளவு வைத்திருந்தார்கள். அதைப் பற்றிக் கதிர்வேலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கதிர்வேல் வெளியே போனதும், இத்தனை ஆண்டும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"மேடம், அன்னிக்கு முதல்வர்கிட்ட ஏன் என் பேரைச் சொல்லல? எம்மேல அவ்வளவு கோபமா இருந்தீங்களே."

"கோவம் இருந்துச்சுங்க. ஒரு மாசம் இருந்துச்சு." சற்று மூச்சு வாங்கினார். "ஆனா நீங்களா வந்து சொன்னீங்க. சொன்னதுக்கு உங்களக் கொண்டுபோய் அங்க நிறுத்தியிருந்தா, அடுத்த தடவ சொல்லுவீங்களா?"

"தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியாதுங்க. அதான் நிறுத்தல" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் தூங்குகிறார் என்று நினைத்து எழுந்தேன். "போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார் கண்ணைத் திறக்காமலே. சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் சொன்ன அந்த அடுத்த தடவை எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. வேலை செய்பவன் கையில் தவறு நிற்காமல் வரத்தான் செய்யும். அவருடைய காரியம் முடிந்து நான் கல்லூரிக்குத் திரும்பிய வாரம் அளவுக்கருவியில் ஒரு திருகைத் தவறாக வைத்து, இளைய சக ஆசிரியர் ஒருவரின் மூன்று நாள் அளவுகளைக் கெடுத்துவிட்டேன். அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; பொடிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு புதிதாகச் செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார். நடைபாதையில் நிறுத்தி, திருகை வைத்தது நான்தான் என்றேன். அவர் முகம் சிவந்தது. மன்னித்ததாகச் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை.

சொல்லும்போது என் குரல் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது. இந்த வயதிலும் அது பழகவில்லை. நடுங்கும் குரலோடு அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். கோகிலவாணியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.